இடது பக்கத்து நட்டு

டம்ளர் கீழே விழுந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. மெஷினின் இரைச்சல் அப்படி. என் மனைவி லில்லியின் வாய் திறந்திருப்பதும், அவள் காலடியில் காபி ஓடுவதும் மட்டும் தெரிந்தன. ஸ்விட்சை அணைத்தேன். இரைச்சல் அடங்க அடங்க அவள் குரல் மேலே வந்தது.

"கை! கைய எடுங்க! இன்னாங்க, கைய எங்க வெச்சிகினு கீறீங்க?"

குனிந்து பார்த்தேன். என் இடது கை மோட்டாரின் மேல் ஊன்றியிருந்தது. எடுத்தேன். சுண்டுவிரலும் அதையொட்டிய உள்ளங்கை ஓரமும் வெந்துபோயிருந்தன. தோல் வெளுத்துச் சுருங்கி, ஓரத்தில் நீர் கோக்க ஆரம்பித்திருந்தது.

அதே மோட்டாரை வலது கையால் தொட்டுப் பார்த்தேன். தொட்ட வேகத்தில் கையை இழுத்துக்கொண்டேன். அவ்வளவு சூடு.

லில்லி என் மணிக்கட்டைப் பிடித்துத் தண்ணீர்த் தொட்டிக்கு இழுத்துப் போனாள். "வலிக்குதா, வலிக்குதா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "இல்லை" என்றேன். அதைக் கேட்டு நானே நடுங்கியிருக்க வேண்டும். நடுங்கவில்லை. எனக்கு அன்றைக்கு மெஷின் மேல்தான் கோபம். மோட்டார் ஏன் இவ்வளவு சூடாகிறது, அதுதான் என் கவலை.

போன வாரம் இந்தப் பத்தியில் நான் எழுதிய கிணற்று மோட்டார் கதையைப் படித்துவிட்டு, "உங்களுக்கு ரிப்பேர் பார்க்கத் தெரியாத மெஷின் ஏதாவது உண்டா?" என்று ஒரு வாசகர் கடிதம் போட்டிருந்தார். கிண்டல் என்று தெரிகிறது. இருந்தாலும் பதில் சொல்லிவிடுகிறேன். ஒன்று உண்டு.

நாலு அங்குலம் போய் நிற்கும்

தொண்ணூறுகளின் கடைசி. எனக்குக் கல்பாக்கத்தில் டெக்னீஷியன் வேலை. வீடு சதுரங்கப்பட்டினத்தில், டச்சுக் கோட்டைக்குக் கொஞ்சம் தள்ளி. வீட்டில் நானும் லில்லியும்தான். பின்பக்கம் தகரக் கொட்டகை போட்டு என் பட்டறையை வைத்திருந்தேன். தச்சு எனக்குப் பிழைப்பில்லை, பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் சட்டையைக் கழற்றிக் கொட்டகைக்குள் போய்விடுவேன். சாப்பிடக் கூப்பிட்டால்தான் வெளியே வருவேன்.

அந்த இழைப்பு மெஷின் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் மூடிவிட்ட ஒரு மரப் பட்டறையிலிருந்து வந்தது. மேல்பக்கம் பலகையின் முகத்தை இழைக்கலாம். கீழ்ப்பக்கம் பலகையை உள்ளே விட்டால் ஒரே கனத்துக்கு இழைத்து மறுபக்கம் அனுப்பும். நாம் தள்ள வேண்டியதில்லை. பல் வைத்த இரும்பு ரோலர் ஒன்று முன்னால் பலகையைப் பிடித்து இழுக்கும். நடுவில் கத்தி சுற்றும். பின்னால் வழுவழு ரோலர் ஒன்று வாங்கி வெளியே விடும். வாங்கி மூன்று வருஷம் தங்கமாக ஓடியது.

கட்டில் செய்யத் தொடங்கியபோதுதான் வந்தது வினை. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமாகப் பாயில் படுத்துக்கொண்டிருந்தோம். "ஊருக்கெல்லாம் ஸ்டூல் பண்ணிக் குடுக்கறீங்க, நம்ம வூட்ல ஒரு கட்டில் கீதா?" என்று லில்லி கேட்டே விட்டாள். செங்கல்பட்டில் பழைய வீடு ஒன்றை இடித்தபோது கிடைத்த தேக்கு உத்தரத்தை அறுத்து, தலைமாட்டுக்கும் கால்மாட்டுக்குமாக, கட்டிலின் அகலத்துக்கு அஞ்சடி நீளத்தில் நாலு பலகை எடுத்து வைத்தேன்.

முதல் பலகையை உள்ளே விட்டேன். நாலு அங்குலம் போனது. ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நின்றுவிட்டது. ரோலர் நின்ற இடத்திலேயே சுற்றிப் பலகையில் பல்லைப் பதித்தது. கத்தி ஒரே இடத்தைத் தேய்த்துக் கரியாக்கியது. மோட்டார் முக்கியது.

என் நோட்டுப் புத்தகம்

என்னிடம் ஒரு கொள்கை உண்டு. ஊகம் கூடாது. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மாற்றியதை எழுதி வைக்க வேண்டும். வேலையில் பழகிய பழக்கம். கொட்டகைச் சுவரில் ஆணியடித்து ஒரு நோட்டைத் தொங்கவிட்டிருந்தேன். அதைப் பார்த்தால் லில்லிக்குச் சிரிப்பு வரும். "மெஷினுக்கு மெடிக்கல் சீட்டா?" என்பாள்.

முதலில் ரோலரைத் துடைத்தேன். தேக்கின் பிசினும் தூளும் பற்களுக்கிடையில் அடைத்திருந்தன. மண்ணெண்ணெயும் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷுமாக அரை நாள் போனது. நோட்டில், "பலன் இல்லை."

பலகை வழுக்கிப் போகட்டும் என்று மேசைக்கு மெழுகு தடவினேன். கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகளை லில்லி கேட்டு வாங்கி வந்தாள். "மாதா மெழுகு. இதுல போகலன்னா எதுலயும் போகாது" என்றாள். போகவில்லை.

பெல்ட்டை இறுக்கினேன். செயின் தொய்ந்திருந்தது, ஒரு கண்ணியைக் கழற்றிக் குறுக்கினேன். பல்சக்கரத்தைக் கழற்றி, அது தண்டில் நழுவுகிறதா என்று பார்த்தேன். நழுவவில்லை. கடல் காற்றில் துரு பிடித்திருக்கிறதா என்று தண்டு சுற்றும் புஷ் வரைக்கும் பிரித்தேன். எல்லாம் சுத்தம். கடைசியில் மிஞ்சியது ஸ்பிரிங்.

ரோலரின் இரண்டு முனையிலும் ஸ்பிரிங் இருக்கும். அதுதான் ரோலரைப் பலகையின் மேல் அழுத்துகிறது. மேலே உள்ள நட்டை இறுக்கினால் அழுத்தம் கூடும். அதற்கு என்னிடம் ஒரு கணக்கு: கையால் எவ்வளவு இறுகுமோ அவ்வளவு, அதற்கு மேல் ஸ்பானரால் அரைச் சுற்று. இருபது வருஷமாக அப்படித்தான். கொட்டகை சின்னது, மெஷின் இடது பக்கம் சுவரை ஒட்டி நின்றது. அந்தச் சந்துக்குள் இடது கை மட்டும்தான் நுழையும். வலது நட்டை வலது கையால், இடது நட்டை இடது கையால். நோட்டில், "இருபுறமும் சமம்."

அடுத்த வாரமும் எழுதினேன், இருபுறமும் சமம். அதற்கடுத்த வாரமும். நாலு தடவை அதே வரி, என் கையெழுத்தில், அடிக்கோடு போட்டு. இன்றைக்கும் அந்த நோட்டு என்னிடம் இருக்கிறது.

மூச்சைப் பிடித்துக்கொண்டு

இங்கே கொஞ்சம் பின்னால் போகிறேன். ஏன் என்று இப்போது கேட்காதீர்கள்.

நான் படித்தது செங்கல்பட்டில். ஊரிலிருந்து தினமும் பஸ். வழியில் ஒரு ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம், எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையுமில்லை. அந்தக் காம்பவுண்டு சுவர் தொடங்கியதும் பையன்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்வோம். சுவர் முடிந்ததும் விடுவோம். சுவர் முடிவதற்குள் மூச்சு விட்டவனை அன்று முழுக்கத் தொட மாட்டோம். பெரியவர்கள் யாரும் திட்டியதில்லை. அவர்களே துண்டால் மூக்கை மூடிக்கொள்வார்கள்.

நான் நன்றாக மூச்சுப் பிடிப்பேன். பஸ் அந்த நிறுத்தத்தில் நின்றால்கூடத் தாக்குப் பிடிப்பேன். அதில் எனக்குப் பெருமை வேறு. சேரியிலிருந்து படிக்க வந்தவன் என்பதால் என்னைத் தொட யோசித்தவர்கள் அந்த பஸ்ஸிலேயே இருந்தார்கள். அது தெரிந்தும் நான் மூச்சைப் பிடித்தேன் பாருங்கள், அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஏழும் மூன்றும்

கை வெந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாபு வந்தான். லில்லியின் தம்பி. சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்தில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். வாய் நிறையப் பேசுவான். கையில் வேலை வந்தால் பேச்சு நின்றுவிடும்.

"இன்னா மாமா, மெஷின் உன்னியே பேஜார் பண்ணுதாமே?" என்றபடி உள்ளே வந்தான். என் கையில் கட்டைப் பார்த்தான். கேட்கவில்லை. டார்ச்சை வாங்கிக்கொண்டு மெஷினைச் சுற்றி வந்தான். சந்துக்குள் தலையை விட்டு வெகுநேரம் பார்த்தான்.

"இடது பக்கம் யாரு மாமா இறுக்குனது?"

"நான்தான்."

"வலது பக்கம்?"

"அதுவும் நான்தான். இந்த மெஷின்ல வேற எவன் கை வெப்பான்?"

"வலது பக்கம் நட்டுக்கு மேல ஏழு மரை தெரியுது மாமா. இடது பக்கம் மூணுதான் தெரியுது."

"இருக்காதுடா."

"நீயே எண்ணு."

எண்ணினேன். ஏழு. மூன்று. போல்ட்டின் மரை, அதாவது புரி, அதிகம் வெளியே தெரிந்தால் நட்டு அவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். இடது பக்கம் இறங்கவே இல்லை. வலது பக்கம் மட்டும் பலகையைப் பிடித்து இழுத்திருக்கிறது, அதனால்தான் அது சாய்ந்து நின்றிருக்கிறது. ஒரு மாசமாக நான் பிரித்துப் போட்டதெல்லாம் நல்ல பாகங்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. மச்சான் முன்னால் மானம் போகிறதே என்று இருந்தது. அதைவிடப் பெரியது ஒன்று போகப்போகிறது என்று தெரியாது.

"சரி, இப்ப இறுக்கு. நான் பாக்கறேன்."

இடது கையைச் சந்துக்குள் விட்டேன். நட்டைப் பிடித்துத் திருகினேன். இறுகிவிட்டது. இதற்கு மேல் போகாது. "ஆச்சு" என்றேன். என் கையை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பாபு மேல்வழியாகத் தன் கையை விட்டு இரண்டு விரலால் அதே நட்டைத் திருகினான். ஒரு சுற்றுப் போனது. இன்னொன்று. இன்னொன்று.

"இறுக்கமே இல்ல மாமா."

எனக்குப் புரியவில்லை. இறுகியது என்று என் கை சொன்னதே? என் கை எனக்குப் பொய் சொல்லுமா?

சந்துக்குள் இருந்த என் கையை நான் பார்க்க முடியாத அந்த நிலையிலேயே பாபு கேட்டான். "இப்ப உன் சுண்டுவெரல இன்னா பண்றேன், சொல்லு."

"புடிச்சிகினு கீற."

"இல்ல மாமா. கிள்ளிகினு கீறேன்."

கையை வெளியே எடுத்தேன். கட்டுக்கு மேலே, வேகாத பக்கத்தில் அவன் நகம் பதிந்து ரத்தம் கட்டியிருந்தது.

என் முழங்கைக்குக் கீழே ஒரு வெளிறிய திட்டு இருந்தது. பாபு அதைத் திருப்பிப் பார்த்தான். "இது எத்தினி நாளா கீது?"

"தேமல்டா" என்றாள் லில்லி வாசலிலிருந்து. "பூவரசங்காய் தேய்ச்சிகினு வரேன். போயிடும்."

அவன் அவளைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. டார்ச்சை அணைத்தான்.

"செங்கல்பட்டு போலாம் மாமா."

செங்கல்பட்டில் கோர்ட் இருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, ரயில்வே ஜங்ஷன் இருக்கிறது. அவன் எதைச் சொல்கிறான் என்று மூன்று பேருக்குமே புரிந்தது. லில்லி அடுக்கி வைத்த பலகைகளின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"எப்ப ஆரம்பிப்பீங்க?"

நான் வேலை செய்யும் இடத்து டாக்டர் வழியாகப் போயிருக்கலாம். ஸ்டாஃப் பஸ்ஸில் யாருக்காவது தெரிந்துவிடும் என்று பயந்தேன். லீவு போட்டுத் தனியாகக் கிளம்பினேன். லில்லியை வராதே என்று சொல்லியிருந்தேன். பஸ் ஏறி உட்கார்ந்து பார்த்தால் முன்னால் பெண்கள் சீட்டில் அவள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

காம்பவுண்டு சுவர் தொடங்கியது. பஸ் பாதிச் சுவரைத் தாண்டிய பிறகுதான் கவனித்தேன். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நாற்பதைத் தொடப்போகிறவன். இந்த முறை நான் அங்கே இறங்க வேண்டும்.

டாக்டர் என்னைவிடச் சின்னப் பெண். என் கையைச் சாதாரணமாகப் பிடித்துக்கொண்டார். கையுறை இல்லை. அதுவே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"கண்ண மூடிக்குங்க சார். நான் தொடற இடத்த இந்தக் கை வெரலால காட்டுங்க."

தோளில் தொட்டார், காட்டினேன். மணிக்கட்டில் தொட்டார், காட்டினேன். கட்டைவிரல், காட்டினேன். அப்புறம் ஒன்றுமில்லை. காத்திருந்தேன். வேறு ஏதோ எடுக்கப் போயிருக்கிறார் போலிருக்கிறது. ஃபேன் ஓடும் சத்தம் கேட்டது. பக்கத்தில் லில்லியின் மூச்சு ஒரு மாதிரி விட்டு விட்டு வந்தது.

"மீதிய எப்ப ஆரம்பிப்பீங்க மேடம்?"

"முடிச்சாச்சு சார். கண்ணத் தெறங்க."

என் சுண்டுவிரலிலும், மோதிர விரலின் பாதியிலும், முழங்கைக்குக் கீழே அந்தத் திட்டு முழுவதும் நீல நீலப் புள்ளிகள். பால்பாயின்ட் பேனாவால் ஒவ்வொன்றாக வைத்திருக்கிறார். பன்னிரண்டு எண்ணினேன். ஒன்றுகூட எனக்குத் தெரியவில்லை. லில்லி புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு அத்தனையையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

நோயின் பெயரை டாக்டர் தெளிவாகச் சொன்னார். தொழுநோய். எங்கள் பக்கம் சொல்கிற அந்தப் பழைய வார்த்தையைச் சொல்லவில்லை. என் காதில் பழைய வார்த்தைதான் விழுந்தது.

முழங்கை எலும்புக்குப் பின்னால் விரலை வைத்து, தடித்துப்போன நரம்பை உருட்டிக் காட்டினார். அங்கேதான் கோளாறு, அது போய்ச் சேரும் இடம்தான் இந்த இரண்டு விரல்கள், கையின் பிடிப்பலம் குறைந்ததும் அதனால்தான் என்றார். ஆறு மாசம் மாத்திரை. நரம்பு வீக்கத்துக்குத் தனியாக மருந்து. மாத்திரை ஆரம்பித்த பிறகு யாருக்கும் ஒட்டாது. என் கை தானாகப் பையில் கொண்டுபோயிருந்த நோட்டை எடுத்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டது. வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

"நெறைய பேரு வெரல் மடங்குன அப்புறம்தான் வருவாங்க. நீங்க சீக்கிரம் வந்திருக்கீங்க. எப்படித் தெரிஞ்சது?"

"நட்டு மேடம்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. விளக்கும் நிலையில் நான் இல்லை.

முதல் மாத்திரையை அங்கேயே விழுங்க வைத்தார்கள். வீட்டுக்கு வந்து சிறுநீர் கழித்தால் சிவப்பாகப் போகிறது. அலறிவிட்டேன். லில்லி ஓடி வந்து, நோட்டைப் புரட்டி, கதவுக்கு வெளியிலிருந்தே படித்தாள்: "முதல் நாள் சிறுநீர் சிவக்கும், பயப்பட வேண்டாம்." என் கையெழுத்துதான்.

பென்சில் கோடு

நோய் போய்விட்டது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மோதிர விரலுக்கு உணர்ச்சி திரும்பியது. சுண்டுவிரலுக்குப் பாதி. ஆனால் நான் சொல்ல வந்தது அந்த முதல் வாரத்தைப் பற்றி.

அந்த வாரம் நான் எனக்கென்று ஒரு தட்டு, ஒரு டம்ளர் எடுத்து வைத்துக்கொண்டேன். கொட்டகையில் சாக்கை விரித்துப் படுத்தேன். தூள் நெடி பழகிவிட்டது என்று சொன்னேன். லில்லி ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காததை நான் எனக்கு வேண்டியபடி எடுத்துக்கொண்டேன். பயப்படுகிறாள், சொல்ல முடியாமல் தவிக்கிறாள், நாமே வசதி செய்து கொடுத்துவிடுவோம் என்று.

சனிக்கிழமை மத்தியானம், நாலு பலகையிலும் இரண்டரை அடியில் மூலைமட்டம் வைத்து நடுவாகப் பென்சில் கோடு போட்டேன். ரம்பத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது லில்லி உள்ளே வந்தாள்.

"இந்தக் கோடு இன்னாத்துக்கு?"

"அறுக்கறதுக்கு."

"அஞ்சடி கட்டிலுக்கு அஞ்சடி பலகைய ஏன் அறுக்கணும்?"

"ரெண்டு கட்டிலா பண்ணிடலாம்னு பாக்கறேன். உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு."

அவள் முகம் போன போக்கை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரியில்கூட அவள் அப்படி அதிரவில்லை. நேராகச் சுவருக்குப் போனாள். ஆணியிலிருந்து நோட்டை எடுத்தாள். பக்கத்தைப் புரட்டி என் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"படிங்க."

"தெரியும் லில்லி."

"வாய் விட்டுப் படிங்க."

"மாத்திரை ஆரம்பித்த பிறகு யாருக்கும் ஒட்டாது."

"யாரு எழுதனது?"

"நான்தான்."

"எழுதறது மட்டும் பக்கம் பக்கமா எழுதுவீங்க. ஒரு வாரமா கொட்டாயில படுத்துகினு, தனித் தட்டுல துன்னுகினு. நானும் பாத்துகினுதான் கீறேன், இந்த ஆளுக்கு எப்ப புத்தி வரும்னு. உங்களுக்கு என்னப் பாத்தா இன்னா மாதிரி தெரியுது?"

அழுதுவிட்டேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று இப்போது தோன்றுகிறது, அப்போது ரம்பம் தேடுகிற மாதிரித் திரும்பிக்கொண்டேன்.

முதுகுக்குப் பின்னால் பலகை நகர்கிற சத்தம் கேட்டது. ஒரு பலகையைத் தூக்கி மெஷின் மேசையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"இழைச்சா இந்தக் கோடு போயிடும்தானே?"

"போயிடும். மெஷின் இழுக்கணுமே. அன்னைக்கி பாபு பாதி இறுக்குனதோட அப்படியே கீது."

"அந்த நட்டு எங்க கீது, காட்டுங்க."

காட்டினேன். சந்துக்குள் கையை விட்டாள். வளையல் மாட்டியது. கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு மறுபடி விட்டாள்.

"எவ்ளோ இறுக்கணும்?"

"கையால எவ்ளோ இறுகுமோ அவ்ளோ. மேல அரைச் சுத்து."

"யாரு கையால?"

"உன் கையால" என்றேன்.

உதட்டைக் கடித்துக்கொண்டு திருகினாள். போதும் என்று அவளுக்குத் தோன்றியதும் நிறுத்தி, ஸ்பானர் கேட்டு வாங்கி அரைச் சுற்று வைத்தாள். டார்ச் அடித்து எண்ணினேன். ஏழு மரை. வலது பக்கத்தையும் எண்ணினேன். ஏழு.

அவளை மறுபக்கம் போய் நிற்கச் சொன்னேன். ஸ்விட்சைப் போட்டேன். பலகையை உள்ளே விட்டேன். ரோலர் பிடித்தது. ஒரு அங்குலம், இரண்டு, மூன்று. நாலாவது அங்குலத்தில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். பலகை நிற்கவில்லை. சாயவில்லை. என் கையை விட்டு நழுவி நேராக உள்ளே போனது.

மறுபக்கம் லில்லி அதை இரண்டு கையாலும் வாங்கினாள். சுருளைத் தட்டிவிட்டு, நடுவில் தடவிப் பார்த்தாள். கோடு இருந்த இடம் புதுத் தேக்காக மினுங்கியது. நிமிர்ந்து என்னிடம் ஏதோ சொன்னாள். இரைச்சலில் கேட்கவில்லை. கையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தாள்.

அடுத்த பலகையைக் கேட்கிறாள் என்று புரிந்தது. இன்னும் மூன்றில் கோடு இருந்தது.